புல்லியன் நாட் இறுகி நிற்கிறது, சாட்டின் இலை சுருங்குகிறது: எங்கே தவறு?

புதுநூல்

வணக்கம் அக்காமார்களே. தலையணை உறையின் மூலையில் ரோஜாக் கொத்து ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். துணி வெள்ளை பாப்ளின். ஆங்கர் நூல், மூன்று இழை. ஊசி எட்டாம் நம்பர் எம்பிராய்டரி ஊசி. ஆறு அங்குல மர ஃப்ரேம்.

புல்லியன் நாட்டில், அதாவது ஊசியில் நூலைப் பலமுறை சுற்றி உருளையாகப் படுக்க வைக்கும் தையலில், சுற்றிவிட்டு ஊசியை இழுத்தால் ஊசியின் காது சுற்றுக்குள் மாட்டிக்கொள்கிறது. பலமாக இழுத்தால் சுற்று ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் இளகிப் போகிறது. இலைக்கு, நெருக்கமாக நூலைப் படுக்க வைத்து நிரப்பும் சாட்டின் ஸ்டிச் போட்டேன். ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது, ஃப்ரேமைக் கழற்றியதும் இலையைச் சுற்றித் துணி சுருங்கிவிட்டது. புள்ளி மாதிரி நிற்கும் முடிச்சான பிரெஞ்ச் நாட் ஐந்து போட்டால் இரண்டு பின்பக்கம் நழுவிப் போகிறது. நூல் மெரூன் நிறம் என்பதால் முதல் துவைப்புக்கும் பயமாக இருக்கிறது.

பிரித்துப் பிரித்துப் போட்டு இப்போது துணியிலேயே ஓட்டை தெரிகிறது. கையில்தான் பழக்கம் போதவில்லையா?

ஊசிமுனை

கையைக் குறை சொல்லாதீர்கள் தங்கச்சி. நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் ஊசி, நூல், ஃப்ரேம் மூன்றிலும் இருக்கிற தவறு. இனி ஒரு தையல் சரியாக வராவிட்டால் பிரிப்பதற்கு முன் அந்த மூன்றையும் பாருங்கள். கை கடைசியில்தான்.

முதலில் புல்லியன். எம்பிராய்டரி ஊசியின் காது நீளமானது, உடலைவிடக் காது இருக்கும் இடம் அகலம். பல இழை சுலபமாகக் கோர்க்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். மற்றப் பெரும்பாலான தையலுக்கு அது வசதி, புல்லியனுக்கு எதிரி. சுற்றெல்லாம் ஊசியின் மெல்லிய உடலை அளவாக வைத்துச் சுற்றியவை. அதற்குள் அகலமான காது நுழையும்போது மாட்டத்தான் செய்யும்.

இதற்கென்றே மில்லினர்ஸ் ஊசி இருக்கிறது, சில பாக்கெட்டில் ஸ்ட்ரா ஊசி என்று போட்டிருக்கும். நுனியிலிருந்து காதுவரை ஒரே பருமன், நீளமும் அதிகம். மூன்று இழைக்கு 5ஆம் நம்பர், இரண்டு இழைக்கு 7 அல்லது 8, ஆறு இழையும் சேர்த்துப் போட்டால் 1ஆம் நம்பர். ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பதை மனதில் வையுங்கள். மில்லினர்ஸ் கிடைக்காத ஊரில் சாதாரணக் கைத்தையல் ஊசியை எடுங்கள், காது சிறிதாக வட்டமாக இருப்பதாகப் பார்த்து. அதில் இரண்டு இழைதான் ஓடும், ஆனால் மாட்டாது.

செய்முறை:

ஊசியை 'அ'வில் மேலே எடுங்கள். 7 மி.மீ. தள்ளி 'ஆ'வில் இறக்கி, அதே வீச்சில் 'அ'வுக்குப் பக்கத்தில் நுனியை வெளியே கொண்டுவாருங்கள். ஊசியை முழுக்க இழுக்க வேண்டாம், பாதிக்கு மேல் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். 'அ'விலிருந்து வரும் நூலை ஊசியின் நுனிப்பக்கம் சுற்றுங்கள். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும். இறுக்கம் என்ன அளவு என்றால், சுற்றை நகத்தால் தள்ளினால் ஊசிமேல் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். நகரவில்லை என்றால் இப்போதே அவிழ்த்துச் சுற்றுங்கள், இழுத்த பிறகு சரிசெய்ய முடியாது.

சுற்று முழுவதையும் இடது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பிடித்துக்கொள்ள, ஊசியைச் சற்றே முறுக்கிக்கொண்டே இழுங்கள். எந்தத் திசையில் சுற்றினீர்களோ அதற்கு எதிர்த்திசையில் முறுக்கினால் சுற்று ஒரு நூல் இளகி ஊசிக்கு வழி விடும். நூல் முழுக்க வந்ததும் 'ஆ' பக்கமாகச் சாய்த்து இழுத்து, ஊசியின் உடலால் சுற்றின் அடியில் இரண்டு முறை நீவுங்கள். இளகின பக்கமும் நெருங்கின பக்கமும் இங்கேதான் சமமாகும். பிறகு 'ஆ'வில் இறக்குங்கள்.

வட்டச்சட்டம்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'ஆ'வில் இறங்கி 'அ'வில் ஒரே வீச்சில் வெளியே வர வேண்டும் என்றால் துணியில் தொய்வு வேண்டும். முரசு மாதிரி இறுக்கிய ஃப்ரேமில் ஊசியை அப்படி வளைத்து ஓட்டவே முடியாது. முயன்றால் ஊசி வளையும், இல்லையென்றால் 'அ'வின் துளை கிழிந்து பெரிதாகும். உங்கள் துணியில் தெரியும் ஓட்டைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். புல்லியன், லேசி டெய்சி (ஒற்றை வளைய இதழ்), செயின் (சங்கிலித் தையல்) போடும்போது ஃப்ரேமின் திருகை அரைச் சுற்று தளர்த்துங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் அரை செ.மீ. அளவு துணி இறங்க வேண்டும்.

சாட்டினுக்கும் பிரெஞ்ச் நாட்டுக்கும் நேர் எதிர். அங்கே முழு இறுக்கம். ஊசி மேலிருந்து கீழே ஒரு குத்து, கீழிருந்து மேலே ஒரு குத்து என்று இரண்டு அசைவாக வேலை செய்ய வேண்டும்.

இலையைச் சுற்றிய சுருக்கத்துக்கு வருகிறேன். சுருக்கத்தை உற்றுப் பாருங்கள். இலையிலிருந்து சூரியக் கதிர் மாதிரி எல்லாப் பக்கமும் கோடு ஓடினால், ஃப்ரேமில் துணி தொய்வாக இருந்தபோது நூலை அதிகமாக இழுத்திருக்கிறீர்கள். ஒரே சாய்வில் மட்டும் அலை அலையாக இருந்தால் ஃப்ரேமில் மாட்டும்போது துணியைக் கிராஸாக, மூலைக்கு மூலை இழுத்திருக்கிறீர்கள். கிராஸில் துணி ரப்பர் போல நீளும். நீண்ட நிலையில் தைத்துவிட்டால், கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது.

மாட்டும் விதம்: உள்வளையத்தில் அரை அங்குலக் காட்டன் டேப்பைச் சாய்வாகச் சுற்றி, முனையை இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். மரத்தில் துணி வழுக்காமல் இருக்க இதுதான் வழி. வெளிவளையத்தை மாட்டி, திருகைப் பாதி இறுக்கி, துணியைப் பாவு (நீளவாட்டு இழை) வாக்கில் மேலும் கீழும், பிறகு ஊடை (குறுக்கு இழை) வாக்கில் இரண்டு பக்கமும் இழுங்கள். மூலைகளைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிறகு திருகு. வலக்கைக்காரர்களுக்குத் திருகு இடது மேல் மூலையில், கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தையலுக்கும் நூல் அதில் சிக்கும்.

இரவு வேலை முடிந்ததும் ஃப்ரேமைக் கழற்றி வையுங்கள். மாட்டியபடியே இரண்டு நாள் கிடந்தால் வளையத் தடத்தில் அழுக்குப் படிந்து மடிப்பும் நிரந்தரமாகும். பிறகு துவைத்தாலும் மங்கலாக ஒரு வட்டம் தெரியும்.

காஜா

புல்லியனுக்கு ஃப்ரேமே வேண்டாம் என்பது என் கருத்து. பாப்ளின் போன்ற நெருக்கமான துணியில் கையில் பிடித்துப் போட்டால் விரலுக்குக் கட்டுப்பாடு அதிகம்.

பிரெஞ்ச் நாட் நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. எந்தத் துளையில் மேலே வந்தீர்களோ அதே துளையில் இறக்குகிறீர்கள். துணியின் இரண்டு இழையாவது தள்ளி இறக்குங்கள். அந்த இரண்டு இழைதான் முடிச்சைத் தாங்கும் பாலம். இன்னொன்று, ஊசி இறங்கிக்கொண்டிருக்கும்போது இடக்கையில் நூலை விட்டுவிடக்கூடாது. சுற்று துணியைத் தொடும்படி கீழே இறக்கி, நூலை இழுத்துப் பிடித்தபடியே ஊசியைக் கீழே எடுத்து, கடைசி ஒரு அங்குலத்தில்தான் விட வேண்டும்.

முடிச்சு பெரிதாக வேண்டும் என்று நான்கு, ஐந்து சுற்றுச் சுற்றுகிறவர்கள் உண்டு. அது தலைசாய்ந்து புழு மாதிரி ஆகிவிடும். சுற்று ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்துங்கள். பெரிய முடிச்சுக்கு இழையைக் கூட்டுங்கள்.

வட்டச்சட்டம்

கையில் பிடித்துப் போடலாம், மறுக்கவில்லை. ஆனால் ரோஜாவில் பத்துப் பன்னிரண்டு புல்லியன் நெருங்கி விழுகிறது. ஒவ்வொன்றும் துணியைக் கொஞ்சம் கூட்டி இழுக்கும். கையில் பிடித்துப் போட்டவர்களின் ரோஜா முடிந்ததும் குழியில் உட்கார்ந்த மாதிரி இருப்பது அதனால்தான். தளர்ந்த ஃப்ரேமாவது இருக்கட்டும்.

காஜா

ரோஜாவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஒற்றைப் புல்லியனுக்கு, கதிர், மொட்டு மாதிரி, கைதான்.

புதுநூல்

7 மி.மீ.க்கு எத்தனை சுற்று அக்கா? வளைந்த இதழ் எப்படி வரும்? நான் போட்டது எல்லாம் நேராகக் குச்சி மாதிரி படுக்கிறது.

ஊசிமுனை

எண்ணிக்கையை யாரிடமும் கேட்காதீர்கள், ஒவ்வொருவர் கை இறுக்கத்துக்கும் மாறும். ஊசியில் சுற்றியதை 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் நடுவே படுக்க வைத்துப் பாருங்கள். அந்த இடைவெளியை நிரப்பினால் நேர்ப் புல்லியனுக்குப் போதும், அதற்குமேல் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டால் பத்திரம். மூன்று இழையில் 7 மி.மீ.க்கு ஏறக்குறைய 9, 10 வரும்.

வளைய வேண்டும் என்றால் இடைவெளி அதேதான், சுற்று மட்டும் 3 அல்லது 4 கூட்டுங்கள். போக இடமில்லாததால் சுற்று தானாக வில் மாதிரி எழும்பும். உங்களுடையது குச்சியாகப் படுப்பதற்குக் காரணம் சுற்று குறைவு. சுற்றே போதாமல் இடைவெளியைவிடக் குட்டையாக இருந்தால் ஒரு முனையில் வெறும் நூல் தெரியும், துணியும் கூடி இழுபடும்.

ரோஜா அமைப்பு: நடுவில் அடர்ந்த நிறத்தில் 5 மி.மீ. நேர்ப் புல்லியன் இரண்டு, ஒட்டி ஒட்டி. அதைச் சுற்றி நடு நிறத்தில் வளைந்த புல்லியன் ஐந்து. வெளிவட்டத்தில் வெளிர் நிறத்தில் ஆறு அல்லது ஏழு. ஒவ்வொரு இதழும் முந்தைய இதழ் முடிந்த இடத்தில் தொடங்கினால் செங்கல் அடுக்கிய மாதிரி இருக்கும். முந்தைய இதழின் வெளிப்பக்கம், அதன் நடுப்பகுதியில் தொடங்குங்கள். இதழ்மேல் இதழ் ஏறினால்தான் பூ. வெளிவட்ட இதழ் நீளமாக இருந்தால் அதன் முதுகில் அதே நிறத்தில் ஒற்றை இழையால் ஒரு சிறு தையல், சுற்றுக்கு நடுவே மறையும்படி. துவைக்கும்போது இதழ் புரளாமல் இருக்கும்.

நூலைச் சுற்றும் திசைக்கும் ஒரு வார்த்தை. நூலே முறுக்கியதுதான். முறுக்கோடு சேர்ந்து சுற்றினால் இழைகள் இறுகி மினுமினுப்பாகப் படியும். எதிராகச் சுற்றினால் இழை பிரிந்து பஞ்சு பஞ்சாகத் தெரியும். இரண்டு திசையிலும் ஒன்று போட்டுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். பிரேசிலியன் எம்பிராய்டரிக்கு வரும் பட்டுப்போன்ற ரேயான் நூல் காட்டனுக்கு எதிர் முறுக்கு. அதனால்தான் அதில் எதிர்த்திசையில் சுற்றச் சொல்கிறார்கள்.

மயில்கண்

சாட்டினை நான் எடுத்துக்கொள்கிறேன். ரம்பப் பல் ஓரத்துக்கு மூன்று காரணம் இருக்கும் தோழி.

கோட்டின்மேல் நேரடியாகச் சாட்டின் போடுவது முதல் காரணம். முதலில் இலையின் கோடு முழுக்க ஒற்றை இழையில் பேக் ஸ்டிச் போடுங்கள், தையல் நீளம் 2 மி.மீ. முந்தைய தையலின் நூலைப் பிளந்துகொண்டு போகும் ஸ்பிளிட் ஸ்டிச் தெரிந்தால் இன்னும் நல்லது. இது ஒரு வரப்பு. சாட்டின் நூல் இந்த வரப்புக்கு வெளிப்புறம் ஒட்டி வந்து, மறுபக்க வரப்பைத் தாண்டி இறங்க வேண்டும். ஊசியை நேராக இறக்காமல் வரப்பின் அடிக்குள் நுழைகிற மாதிரிச் சாய்த்து இறக்குங்கள். வரப்பு தையல்களை ஒரே உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கும், ஓரம் கத்தி வைத்து வெட்டின மாதிரி நிற்கும்.

இரண்டாவது, நுனியிலிருந்து தொடங்குவது. நுனியில் தையல் மிகச் சிறிது, அங்கே சாய்வு தப்பினால் இலை முழுக்க அந்தத் தப்பு ஓடும். இலையின் நடுவில், அகலமான இடத்தில் முதல் தையலைப் போடுங்கள். நுனிவரை போய் முடித்துவிட்டு, நூலைப் பின்பக்கத் தையலுக்கு அடியில் ஓட்டி நடுவுக்குத் திரும்பி, மறுபாதியைப் போடுங்கள். பென்சிலில் 5 மி.மீ.க்கு ஒரு சாய்வுக் கோடு வரைந்துகொண்டால் கண் ஏமாறாது.

மூன்றாவது, நீங்கள் எடுத்த மூன்று இழை. சாட்டினுக்கு இரண்டு போதும், நேர்த்தி வேண்டும் என்றால் ஒன்றே. இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு விழுந்தால் பளபளப்பு போய்விடும். ஒவ்வொரு தையலும் துணியில் படிவதற்கு முன் இன்னொரு ஊசியின் முதுகை நூலுக்கு அடியில் கொடுத்து நீவினால் இரண்டு இழையும் ரயில் தண்டவாளம் போலப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கும்.

ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே, திரும்ப முதல் பக்கமே மேலே. அதாவது பின்பக்கமும் முன்பக்கம் போலவே நிரம்பும். நூல் மிச்சம் பிடிக்க நினைத்து இறங்கின பக்கத்திலேயே மேலே வந்தால் ஓரம் இழுபட்டு பல் விழும்.

இன்னொன்று. தையல் 8 மி.மீ. தாண்டினால் தலையணை உறையில் காதுத் தோடு, வளையல் எல்லாம் அதில் மாட்டி இழுக்கும். அகலமான இலையை நடு நரம்பில் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். இல்லையென்றால், மீன்முள் மாதிரி இரண்டு பக்கத் தையலும் நடுவில் சந்திக்கும் ஃபிஷ்போன். அதில் முதல் தையல் நுனியிலிருந்து இலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நேராக இறங்க வேண்டும். இந்த முதல் தையலைக் குட்டையாகப் போட்டால் சாய்வு படுத்துக்கொண்டே வந்து கடைசியில் ஏணிப்படி ஆகிவிடும். பிறகு வலம், இடம் என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் நடுக்கோட்டைத் துணியின் இரண்டு இழை தாண்டி இறங்கட்டும்.

நூல்கண்டு

நூல் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு கண்டில் 8 மீட்டர், ஆறு இழை. வெட்டும் நீளம் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, 45 செ.மீ. அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தையலுக்கும் நூல் முழுக்கத் துணியில் உரசிப் போகிறது, காதருகே இருக்கும் இடம் அரைபட்டுப் பஞ்சு கிளம்புகிறது. முதல் தையல் மினுங்க, கடைசித் தையல் மங்கிப்போவது இதனால்தான். ஜரி நூலாக இருந்தால் 30 செ.மீ., அதன் உறை இன்னும் சீக்கிரம் உரியும்.

வெட்டியதும் தேவையான இழைகளை ஒரே பிடியில் பிரித்தால் சிக்கும். ஒவ்வொரு இழையாக மேல்நோக்கி உருவி எடுங்கள். மூன்றையும் தனித்தனியாக உருவி, திரும்ப ஒன்றாகச் சேர்த்துக் கோருங்கள். இந்த ஒரு வேலை செய்தாலே அதே மூன்று இழை முன்பைவிட நிரவலாகப் படியும். ஐந்தாறு தையலுக்கு ஒரு தரம் ஊசியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஏறின முறுக்கு தானே சுழன்று இறங்கும்.

ஊசியும் நூலும் பொருந்துகிறதா என்று பார்க்க: கோர்த்த நூலைத் துணியில் ஒரு முறை ஓட்டுங்கள். 'சர்' என்று உரசல் சத்தம் கேட்டால் ஊசி மெலிது, துளை நூலுக்குப் போதவில்லை. துளை தையலைச் சுற்றி வெள்ளையாகத் தெரிந்தால் ஊசி தடிமன்.

பின்பக்கம் முடிச்சு தங்கும்படி போடாதீர்கள். தொடங்கும் இடத்திலிருந்து 7 செ.மீ. தள்ளி மேல்பக்கமாக ஒரு முடிச்சோடு இறங்கி, வேலை முடிந்ததும் அதை வெட்டி, வாலை ஊசியில் கோர்த்துப் பின்பக்கத் தையலுக்கு அடியில் நாலு முறை ஓட்டுங்கள்.

காஜா

குழந்தை உடுப்புக்கு முடிச்சும் வேண்டும் என்பேன். வாராவாரம் மெஷினில் சுற்றுகிற துணியில் நாலு தையலுக்கு அடியில் ஓட்டின வால் வெளியே வந்துவிடும்.

நூல்கண்டு

அதற்கு வாலை ஓட்டும்போது ஒரு தையலைச் சுற்றி ஒரு வளையம் போட்டுத் திரும்ப எதிர்ப்பக்கம் ஓட்டினால் போதும். முடிச்சு குழந்தையின் தோலில் உறுத்தும், இஸ்திரி போட்டால் முன்பக்கம் மொட்டாகத் தெரியும். லைனிங் கொடுத்த ஜாக்கெட் என்றால் முடிச்சு இருந்துவிட்டுப் போகட்டும்.

சேலைக்கரை

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். சில்க் காட்டன் ஜாக்கெட் கையில் கட்ச் ஒர்க் போடுகிறேன். கட்டங்கள் பின்னும்போது சில இடத்தில் பின்னல் நிற்காமல் நழுவிப் போகிறது. கழுத்தில் ஆரி செயின் போடச் சொல்கிறார்கள். கையூசிச் செயினும் ஆரிச் செயினும் ஒன்றுதானா?

மயில்கண்

கட்ச் ஒர்க்கில் இரண்டு நிலை உண்டு. முதலில் துணியைக் குத்திப் போடும் அடிக்கோடுகள். பிறகு துணியைத் தொடாமல் அந்தக் கோடுகளுக்கு மேலும் கீழுமாக ஓடும் பின்னல். பின்னல் நழுவினால் தவறு அடிக்கோட்டில். இரண்டு கோடு வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறை மேல், அடுத்த முறை கீழ் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒரே ஒரு சந்திப்பில் கீழே போக வேண்டியது மேலே போயிருந்தால் பின்னலுக்கு அங்கே பிடிமானம் கிடையாது. பின்னிய பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை, அடிக்கோட்டை முடித்ததும் ஒவ்வொரு சந்திப்பாக விரல் வைத்துப் பாருங்கள்.

அடிக்கோட்டை இறுக்காதீர்கள். பின்னல் நூல் நுழைய இடம் வேண்டும். பின்னும்போது ஊசியின் காதுப்பக்கத்தை முன்னே விட்டு ஓட்டினால் அடிக்கோட்டு இழையைக் குத்தாது. நூல் பாதியில் தீர்ந்தால் ஒட்டு தெரியும். மாதிரித் துணியில் ஒரு பூ முடித்து, பிரித்து, நூலை அளந்து, 10 செ.மீ. கூட்டி வெட்டிக்கொள்ளுங்கள்.

சில்க் காட்டனுக்குப் பின்னால் மெல்லிய மல் துணி ஒன்றைச் சேர்த்து ஃப்ரேமில் மாட்டுங்கள். தையலின் பாரத்தை அது தாங்கும். இல்லையென்றால் பாவு நூல் விலகிக் கோடு கோடாகத் தெரியும்.

ஊசிமுனை

செயின் பற்றி நான் சொல்கிறேன். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சங்கிலி. வேலை நேர் எதிர். கையூசியில் நூல் முழுக்க மேலும் கீழும் போய்வருகிறது. ஆரியில் நூல் துணிக்கு அடியில் இடக்கையில் இருக்கிறது. மேலிருந்து இறங்கும் கொக்கி அதை வளையமாகப் பிடித்து மேலே கொண்டுவருகிறது. நூலை வெட்டாமல் மீட்டர் கணக்கில் ஓடலாம், வேகம் அங்கே.

ஆரியில் துணி தளரவே கூடாது. கட்டில் ஃப்ரேமில் நாலு பக்கமும் கட்டி, தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். புதியவர்களுக்கு ஊசி மேலே வராமல் துணியில் மாட்டும். கொக்கி துணியின் இழையைப் பிடித்துக்கொள்வதால் அது. நூலைப் பிடித்ததும் ஊசியைப் பாதிச் சுற்றுத் திருப்பி, கொக்கிக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது ஊசியின் முதுகுப்பக்கம் லேசாகத் துணியை அழுத்திக்கொண்டு மேலே எடுங்கள். துளை சற்று விரியும், கொக்கி வாய் துணியில் படாது. அடியில் நூலைக் கொடுக்கும் விரல் ஊசியை ஒட்டியே இருக்கட்டும், தள்ளியிருந்தால் வளையம் பெரிதாகி அடுத்த தையலில் இளகும்.

முடிக்கும்போது கடைசி வளையத்தின் தலையில் ஒரு சிறு தையல் போட்டு அடியில் முடிச்சிட வேண்டும். அதை மறந்தால் வாலை ஒரு இழு இழுத்ததும் கழுத்து முழுக்கச் சரசரவென்று அவிழும்.

கையூசிச் செயினில் நூல் தீர்ந்தால்: கடைசி வளையத்தைத் தொய்வாக விட்டுப் பழைய ஊசியைப் பின்பக்கம் நிறுத்துங்கள். புது நூலை அந்த வளையத்துக்குள் மேலே எடுங்கள். பிறகு பழைய நூலைப் பின்னாலிருந்து இழுத்து வளையத்தை அளவுக்குக் கொண்டுவந்து வாலை ஓட்டுங்கள். ஒட்டு தெரியாது. வட்டமாகப் போடும்போது கடைசிச் செயின் முதல் செயினின் தலைக்கு அடியில் ஊசியை நுழைத்துத் திரும்ப வேண்டும். நேர்க்கோட்டில் செயின் 3 மி.மீ. இருந்தால் வளைவில் 2 ஆக்குங்கள், இல்லையென்றால் வட்டம் எண்கோணமாகிவிடும்.

மலைக்காட்டி

எல்லோரும் வரைந்த கோட்டின்மேல் போடும் தையலையே சொல்கிறீர்கள். கை அளவு பழக எண்ணித் தைக்கும் வேலையை மிஞ்சியது இல்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் போடும் புகூர் வேலையைப் பாருங்கள். ஃப்ரேம் கிடையாது, வரைபடம் கிடையாது. தடித்த வெள்ளைக் காட்டனில் துணியின் இழைகளை விரலால் தடவி எண்ணி, சிவப்பும் கறுப்புமாக ஓட்டுத் தையலில் நெய்த மாதிரி நிரப்புகிறார்கள். எட்ட இருந்து பார்க்கிறவர் தறியில் நெய்தது என்றே நினைப்பார். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உருக்களை அப்படியே எடுத்து விற்பனைக்குப் போடாமல், முறையை மட்டும் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அவர்களுடைய சொத்து.

கர்நாடகத்துக் கசூதியும் எண்ணித் தைப்பதே. அதில் கவந்தி என்பது ஓட்டுத் தையலில் ஒரு முறை போய், விட்ட இடைவெளியை நிரப்பிக்கொண்டு அதே வழியில் திரும்புவது. முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கும். துணியில் நாலு இழைக்கு ஒரு தையல் என்று ஒரு வாரம் கவந்தி போட்டால், கோடு வரையாமலே தையல் நீளம் கையில் நிற்கும். பாப்ளினில் எண்ண முடியாது, இழை கண்ணுக்குத் தெரியும் மேட்டி துணி வாங்குங்கள்.

புதுநூல்

மில்லினர்ஸ் 5 கிடைத்தது. புல்லியன் மாட்டாமல் வருகிறது! பேக் ஸ்டிச் வரப்பு போட்டதும் இலை ஓரமும் நேராகிவிட்டது. பழகுவதற்குத் தனித் துணி எப்படி வைத்துக்கொள்வது? ஏற்கெனவே சுருங்கிப்போன மூலையைக் காப்பாற்ற முடியுமா? நீல வாட்டர் பேனாவில் வரைந்திருக்கிறேன், இஸ்திரி போட்டால் சரியாகுமா?

வட்டச்சட்டம்

இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள்! நீலப் பேனாக் கோட்டின்மேல் சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். முதலில் சோப்பு இல்லாத குளிர்ந்த தண்ணீரில் முழுக்க முக்கி எடுங்கள். மேலே ஈரத்துணியால் ஒற்றினால் நீலம் துணிக்குள் இறங்கி, காய்ந்ததும் திரும்ப மேலே வரும்.

சுருக்கத்துக்கு: அந்த ஈரத்தோடேயே தடித்த பலகையில் துவாலை விரித்து, உறையை நல்ல பக்கம் மேலே பார்க்கப் பரப்புங்கள். துருப்பிடிக்காத குண்டூசியால் பாவு வாக்கில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டிரண்டாக, பிறகு ஊடை வாக்கில், இழுத்துக் குத்திக்கொண்டே வாருங்கள். நிழலில் முழுக்கக் காயட்டும். இலேசான சுருக்கம் போய்விடும். நூலே இறுக்கமாக இருந்தால் போகாது, அந்த இலையை மட்டும் பிரிக்க வேண்டும். பின்பக்கமிருந்து வெட்டி, முன்பக்கமிருந்து உருவுங்கள். துளை தெரிகிற இடத்தை நகத்தால் பாவு, ஊடை இரண்டு வாக்கிலும் சுரண்டினால் இழை நகர்ந்து மூடும்.

ஊசிமுனை

பழகும் துணிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி பாப்ளின். வெந்நீரில் ஒரு முறை துவைத்துச் சுருங்கவிட்டு எடுங்கள். 2எச் பென்சிலில் ஒரு செ.மீ.க்கு ஒரு கோடு. ஒவ்வொரு தையலுக்கும் நான்கு வரி: 10 செ.மீ. நேர்க்கோடு, ஒரு அலை, ஒரு ரூபாய் நாணயம் வைத்து வரைந்த வட்டம், ஒரு கூர்மூலை. நேர்க்கோட்டில் எல்லோருக்கும் வரும். மூலையில்தான் தையல் தெரியுமா என்று தெரியும்.

வரி முடிவில் எத்தனை இழை, எந்த ஊசி என்று பென்சிலில் எழுதுங்கள். தப்பாக வந்ததைப் பிரிக்காதீர்கள். அதற்கு அடுத்த வரியில் ஒன்றை மட்டும் மாற்றிப் போடுங்கள், ஊசியையோ இழையையோ ஃப்ரேம் இறுக்கத்தையோ. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

வரிசையில் எனக்குப் பிடித்தது: பேக் ஸ்டிச், காம்புத் தையல், செயின், காஜா தையல், பிறகு ஃபிஷ்போன், சாட்டின், கடைசியில் முடிச்சுகள். நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றி நிரப்பும் லாங் அண்ட் ஷார்ட்டை, சாட்டின் ஓரம் நேராக நிற்கும்வரை தொட வேண்டாம். காம்புத் தையலில் நூல் எப்போதும் ஊசிக்கு ஒரே பக்கம் இருக்கட்டும். பாதி வழியில் பக்கம் மாறினால் கயிறு மாதிரி ஓடின கோடு அந்த இடத்தில் உடைந்து தெரியும்.

நூல்கண்டு

மெரூன் நூலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடுத்த முறை தைப்பதற்கு முன்பே ஒரு சாண் நூலை ஈரமான வெள்ளைத் துணியில் மடித்து அரை மணி நேரம் அழுத்தி வையுங்கள். கறை பட்டால் அந்தக் கண்டை வெள்ளைத் துணிக்கு எடுக்க வேண்டாம்.

இப்போது வட்டச்சட்டம் அக்கா சொன்னபடி நீலம் போக முக்கும்போது பெரிய பக்கெட் எடுங்கள். தண்ணீரில் சிவப்பு இறங்கினால் பதறிப் பிழியாதீர்கள், மடித்து வைக்காதீர்கள், காயவும் விடாதீர்கள். சாயம் துணியில் பிடிப்பது காயும்போதுதான். குளிர்ந்த தண்ணீரை மாற்றி மாற்றி, தெளிவாக நிற்கும்வரை துணி நன்றாக மிதக்கும்படி வைத்திருங்கள். தெளிந்த பிறகு துவாலையில் சுருட்டி ஈரம் ஒற்றி, பலகையில் குத்துங்கள். காய்ந்ததும் இஸ்திரி வேண்டும் என்றால் தடித்த துவாலைமேல் தையல் பக்கம் கீழே பார்க்கப் போட்டு, பின்பக்கம் மட்டும். அப்படிச் செய்தால் புல்லியன் துவாலைக்குள் அமுங்கும், தட்டையாகாது.

புதுநூல்

முக்கிவிட்டேன். இரண்டாவது தண்ணீரில் இளஞ்சிவப்பு, நாலாவதில் தெளிவு. நீலம் முழுக்கப் போய்விட்டது. பலகையில் குத்தி வைத்திருக்கிறேன். காய்ந்ததும் அந்த ஒரு இலையைப் பிரித்து இரண்டு இழையில் போடுகிறேன்.

மயில்கண்

பிரிக்கும்போது வரப்பை விட்டுவிடுங்கள், சாட்டினை மட்டும் எடுங்கள். பழைய துளைகளிலேயே ஊசி இறங்காமல் அரை இழை தள்ளி இறங்கட்டும்.